கூரைக்கு மேலே போன புகை யாருடையது?

அறநூல்கள் வீட்டு அடுப்பைக் குற்றமற்ற இடமாகக் கருதவில்லை. இல்லறத்தான் தன்னையறியாமல் உயிர்க்கொலை செய்யும் ஐந்து இடங்களை எண்ணும் மனுஸ்மிருதி, அடுப்பைத்தான் முதலில் வைக்கிறது; கழுவாயாக நாள்தோறும் ஐந்து வேள்விகளை விதிக்கிறது. சமணம் இன்னும் கடுமையானது. தீயையும் காற்றையுமே உயிருள்ளவையாகக் கொண்டு, துறவியைத் தீ மூட்டவே அது விடுவதில்லை. உத்தமபாளையத்துப் பாறையில் பார்சுவநாதரையும் மகாவீரரையும் செதுக்கிவைத்த மரபின் துறவிகள், ஊரார் அடுப்பில் வெந்த உணவை ஏற்று உண்டவர்கள். மூட்டியவர் வேறு, உண்டவர் வேறு என்று அவர்கள் தப்பித்துக்கொள்ளவில்லை. செய்வது, செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது ஆகிய மூன்றும் வினையே என்றார்கள். தமக்கென்று தனியே சமைத்த உணவை மறுத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் விறகடுப்புகளுக்குப் பொருந்துவது அந்த மூன்றாவதுதான்.

புகைபோக்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம். பழைய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புகைக்கூண்டில் புதிய அடுப்பைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சூடான புகை லேசானது, அதனால் மேலே ஏறுகிறது. ஆனால் அகலமான பழைய செங்கல் கூண்டுக்குள் போனதும் அது குளிர்ந்து வேகம் இழக்கிறது. சுவரில் கரி படிந்து வழி குறுகுகிறது. விரிசல் வழியே புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. அதோடு நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் வருகிறது. சரி, முழுவதும் வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் அதன் கிளையான மேகமலை. மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்க, அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ளும். அப்போது கூரைக்கு மேலே போன புகை தெருவுக்கே இறங்கும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வகுத்த வழிகாட்டி, நுண்துகள் அளவில் புகைபோக்கி இல்லாத அடுப்புக்கு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராம் என்றும், புகைபோக்கி உள்ளதற்கு 0.80 மில்லிகிராம் என்றும் எல்லை வைத்தது. சமையலறைக் காற்றை வைத்துக் கணக்கிட்டால் இது சரி. அறத்தின் கணக்கில் மூன்று மடங்குக்கும் மேலான அந்தப் புகை அடுத்தவர் மூச்சில்தான் சேர்கிறது.

வேறு வழியில்லாத ஏழையிடம் போய் வினையைப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அடுப்பை ஊதும் பெண்ணின்மேல் நானும் பழி போடவில்லை. உடன்பட்டவர்களைத்தான் கேட்கிறேன். போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு வரும் ஏலக்காயைப் பாருங்கள். மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு உலை வெளியே எரிகிறது. அதன் சூடு இரும்புக் குழாய் வழியே அறைக்குள் ஓடிக் காயை உலர்த்துகிறது. புகை காயைத் தொடாமல் கூண்டு வழியே வெளியேறுகிறது. பச்சை நிறமும் மணமும் கெட்டால் விலை விழும் என்பதால் இத்தனை கவனம். தீயையும் புகையையும் பிரிக்கும் அறிவு இந்த வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. காய்க்குச் செலவிட்ட அந்த அறிவை, காய் பறிக்க மலையேறிப் போகும் பெண்ணின் சமையலறைக்குச் செலவிடாததை வறுமை என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது.

புகை கொசுவை விரட்டும், விதையைப் பூச்சியிலிருந்து காக்கும், வேள்விப் புகை புனிதமானது என்றும் சொல்வதுண்டு. கொசுவை விரட்டவும் விதையைக் காக்கவும் இன்று வேறு வழிகள் உள்ளன. புனிதத்தைப் பொறுத்தவரை, நுரையீரல் எண்ணத்தைப் பார்த்து மூச்சை இழுப்பதில்லை. இனிப் பழைய கூண்டில் புதிய அடுப்பைச் சேர்ப்பவர்கள் முதலில் கரியைத் தட்டி எடுங்கள், விரிசலை அடைத்துவிடுங்கள், அடுப்பின் அளவுக்கேற்ற குழாயை உள்ளே இறக்குங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலைத் தாண்டி உயர்த்துங்கள், காய்ந்த விறகையே எரியுங்கள். அந்த வேலையைச் சமைப்பவர் தலையில் கட்டாமல், உண்பவர்களே கூரையேறிச் செய்யுங்கள்.