கருத்து வேற்றுமையும் பிளவும்

மனிதர் கூடி வாழும் இடத்தில் கருத்து வேற்றுமை இருந்தே தீரும். அது சமுதாயத்தின் நோய் அன்று. மக்கள் சிந்திக்கின்றனர் என்பதன் அடையாளம். அந்த வேற்றுமை, எதிர்த்தரப்பினரின் சொல்லைச் செவிமடுக்கவும் மறுக்கும் பிளவாக மாறுவது எதனால்? மாறிய பின் அதனைக் குணப்படுத்த இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடைதேடத் துணைபுரியும் இரு நிகழ்ச்சிகளைத் திருப்பதியும் சித்தூரும் கண்டிருக்கின்றன.

முதலாவது எல்லைப் பிரச்சினை. 1952 டிசம்பர் 15 அன்று, தனி ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைக்கப்பட்டது. சென்னை நகரம் தங்களுக்கே உரியது என்றனர் ஆந்திரத் தரப்பினர் பலர். திருப்பதி தமிழருக்கே உரியது என்று ம.பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும், ஒரே சந்நிதியில் கைகூப்பியும் வாழ்ந்த மக்களிடையே ஐயம் புகுந்தது.

எந்த ஊர் எந்த மாநிலத்தைச் சேர்வது என்பது நிர்வாகம் பற்றிய வினா. அதுவே 'நான் யார்?' என்னும் வினாவாக உருமாறியபோது பிளவு பிறந்தது. ஒன்றன்மீது மற்றொன்றின் இயல்பை ஏற்றிக் காண்பதை வேதாந்தம் அத்யாசம் என்கிறது. உடலை 'நான்' என்று கருதுவதைப் போலவே, மனிதன் தன் மொழியையும் கட்சியையும் கருத்தையும் 'நான்' என்று கருதத் தலைப்படுகிறான். அதன்பின், கருத்தை மறுப்பவன் தன்னையே அழிக்க வந்தவனாகத் தோன்றுகிறான். சான்றுகள் அங்கே பயன்படுவதில்லை.

எல்லைப் பிரச்சினை எவ்வாறு தணிந்தது? எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் ஆராயும் முறை வகுக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எவரும் தம் மொழிப்பற்றைக் கைவிடவில்லை. கேட்டது முழுவதும் எவருக்கும் கிடைக்கவுமில்லை. ஆயினும், இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அளவுகோல் கிடைத்ததால், வினா மீண்டும் தன் உரிய இடத்திற்கு இறங்கிவந்தது.

கோட்டின் இருபுறமும் தங்கிப்போன சிறுபான்மையினருக்கு அத்தீர்வு இனித்திருக்குமா? இராது. ஆதலால் உடன்பாடு மட்டும் குணமாகிவிடாது. பெரும்பான்மையினரின் நீதியுணர்வும் தேவை. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வேண்டும் என 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுவதும் இதனையே. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தத்துவமேதை டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணி. இளமையில் பயின்றது திருப்பதி. அவரை எந்தப் பக்கத்தில் வைப்பது? கோடு நிலத்தைப் பிரிக்கலாம். மனிதனைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி அண்மையது. 2024 செப்டம்பரில் திருமலை லட்டுப் பிரசாதத்தின் நெய் குறித்து ஆந்திர முதலமைச்சர் குற்றச்சாட்டு எழுப்பினார். முந்தைய ஆட்சியினர் மறுத்தனர். அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்கப் பணித்தது. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே பலர் உள்ளத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நெய்யின் தூய்மை ஆய்வுக்கூடம் அறியவேண்டிய செய்தி. அதனைக் கட்சிப்பற்று கொண்டு அறிய முற்பட்டனர். பக்தர்களின் உண்மையான வேதனையும் அந்த ஆரவாரத்தில் மறைந்தது. அதே அத்யாசம், வேறு வடிவில்!

பிளவைக் குணப்படுத்த இயலும். ஆனால் அனைவரும் ஒரே கருத்தினராவதால் அன்று. உண்மை தெரியும்வரை தீர்ப்பை நிறுத்திவைக்கும் பொறுமை முதல் மருந்து. எதிர்த்தரப்பின் நியாயத்தை அவர்களே ஒப்பும்படி எடுத்துரைக்கப் பழகுவது இரண்டாவது. 'இது என் கருத்து. நான் இதன் சாட்சி' என்று விலகி நின்று காணும் விவேகம் மூன்றாவது. அதுவே வேரை அறுப்பது. இவை சட்டத்தால் வருவன அல்ல; அன்றாட சாதனையால் வருவன.

திருவேங்கடத்து இறைவனிடம் ஹரியின் கோலத்தையும் ஹரனின் கோலத்தையும் ஒருங்கே கண்டார் பேயாழ்வார். அதனால் திருமாலிடம் அவர் கொண்ட பக்தி குறைந்துவிடவில்லை. தன் நெறியில் உறுதியும் பிறர் நெறியில் மதிப்பும் ஓருள்ளத்தில் சேர்ந்து வாழக்கூடும் என்பதற்கு அவர் பார்வையே சான்று. அந்தப் பார்வை நமக்கும் வாய்ப்பதாக!