பிழையில்லாதான் கடன்

வீதி விபத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அது நிகழாதபடி காத்துக்கொள்ளும் வகையையே எழுதுகின்றனர். வேகத்தை அடக்குக, தலைக்கவசம் அணிக, மதுவுண்டு வண்டி செலுத்தற்க என்பன எல்லாம் நல்லனவே; அவற்றை நாம் மறுக்கின்றிலேம். ஆயினும், இத்துணைப் புத்திமதிகளுக்குப் பின்னரும் இலங்கையிலே ஆண்டொன்றுக்கு 2000 பேருக்கு மேல் வீதியில் உயிரிழக்கின்றனர். காயமுற்றோர் தொகை அதனினும் பன்மடங்கு. பதிவுபெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்களாதலின், வீழ்வாருள்ளும் அவற்றில் ஏறிச் செல்வாரே மிகுதி. காத்தற்குரிய காலம் கழிந்து, வண்டி சாய்ந்து, மனிதன் தெருவிலே கிடக்கும்பொழுது, அங்கு நிற்பாரும் அவனோடு மோதினாரும் செய்யக்கடவது யாது? மோதினவரிடத்திற் பிழையே இல்லையாயின், அவர்க்கு வீழ்ந்தவனிடத்து ஏதேனும் கடன் உண்டோ, இல்லையோ? இவ்வினாவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

யாழ்ப்பாணத்துக் கண்டி வீதியிலாயினும், வேறெந்த நாற்சந்தியிலாயினும் நிகழ்வது ஒருபடித்தே. பாடசாலை விடும் நேரம். வலப்பக்கம் திரும்புகின்றது ஒரு வான். அதன் மறைவினின்று நேரே வருகின்றது ஒரு மோட்டார்ச் சைக்கிள். ஓர் ஓசை கேட்கின்றது. ஒரு நிமிஷத்துள் முப்பது பேர் கூடிவிடுகின்றனர். அம்முப்பதின்மர் வாயினின்றும் முதலில் எழும் வினா, உயிர் இருக்கின்றதோ என்பதன்று, “ஆரிலை பிழை?” என்பதே. இருவர் கைத்தொலைபேசியை எடுக்கின்றனர். எடுத்தது வண்டியை அழைத்தற்கன்று, படம் பிடித்தற்கு.

பிழை யாருடையது என்னும் வினா தீயதன்று. நீதிமன்றம் அதனைக் கேட்டே ஆகல் வேண்டும். ஆயின், அதனை அளந்து அறிதற்குத் தெருவிற் படிந்த சக்கரச் சுவடும், கண்டார் சாட்சியும், பொறியறிந்தார் சோதனையும், நாட்கள் பலவும் வேண்டும். முப்பது பேர் முப்பது கணத்தில் முடிக்கத்தக்க காரியமன்று அது. அவ்வினா முதலிடம் பெறுதலால் விளையுங் கேடு இரண்டு. கூடினோர் எல்லாரும் நீதிபதிகளாகிவிடுதலின், கிடப்பவனுக்குத் துணையாவார் இலராகின்றனர் என்பது ஒன்று. கூட்டத்தின் கைக்கு அஞ்சி வண்டி செலுத்தினவன் ஓடிவிடுகின்றான் என்பது மற்றொன்று. இந்திய தேசத்து 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், காயமுற்றவனுக்கு வைத்தியஞ் செய்விக்குங் கடமையைச் சாரதியின்மேற் சுமத்துமிடத்து, சனக்கூட்டத்தின் ஆவேசத்தால் அஃது இயலாதாயினாலன்றி என ஒரு விலக்கையும் உடன்வைத்துச் சொல்லுகின்றது. நம்மனோர் கூடி நிற்கும் இலக்கணம் சட்டப் புத்தகத்திலே ஒரு விலக்காக ஏறுமளவுக்கு வந்துவிட்டமை நாம் நாணத்தக்கதாம்.

“அவன்ரை விதி” என்று சொல்லி அகல்வாரும் உளர். விதி என்பது கழிந்ததைப் பற்றிச் சொல்லும்போது துயராற்றுஞ் சொல்; இன்னுஞ் செய்யப்படாது நிற்கும் காரியத்தைப் பற்றிச் சொல்லும்போது மடிக்குப் போர்வை. அவன் அவ்விடத்தில் வீழ்ந்தது விதியாயின், அவ்விடத்தில் நீர் நின்றதும் விதியன்றோ? ஒரு பாதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு மறுபாதியை விடுதல் நேர்மையாகாது.

முதல் நாழிகையிற் செய்யத்தக்கன சில; அவை அரியன அல்ல. 2016ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018ஆம் ஆண்டிலே நம் வட மாகாணத்துக்கும் வந்த சுவசெரிய நோயாளர் காவுவண்டியை 1990 என்னும் இலக்கத்தில் அழைத்தால் கட்டணமின்றி வரும். வருமளவும் வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்தாமலும், கழுத்தைத் திருப்பாமலும், பின்வரும் வண்டிகளை மறித்து நிற்றல் வேண்டும். குருதி பெருகுமிடத்தைத் தூய துணிகொண்டு அழுத்துக. மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றற்க. மயங்கிக் கிடப்பவன் வாயிலே தண்ணீரோ சோடாவோ வார்த்தல் நம்மவர் அன்பினாற் செய்வது. அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிர்க்கு இறுதி பயப்பினும் பயக்கும். இரண்டு கைகளிலும் காலிலும் பற்றி, ஓட்டோவினுள்ளே மடித்துத் திணித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விரைதலும் அத்தன்மைத்தே. முதுகெலும்பு முறிந்திருக்குமாயின் அம்மடிப்பே அவனை ஆயுள் முழுதும் படுக்கையிற் கிடத்திவிடும்.

இவற்றினும் அறியப்படாதது ஒன்றுண்டு. வீழ்ந்தவன் எழுந்து, ஆடையைத் தட்டிக்கொண்டு, “எனக்கொண்டும் இல்லை” என்று சொல்லி வீடு போய்விடுகின்றான். மண்டையோட்டினுள்ளே குருதி கசியுமாயின், சில மணி நேரம் தெளிவாகவே பேசி, பின்னர்த் தலைவலியும் வாந்தியும் உறக்கமும் வந்து இறந்துபடுதல் வைத்தியர் நன்கறிந்த செய்தி. ஆதலால், ஒன்றுமில்லை என்பவனை அவன் சொல்லின்படியே விட்டுவிடுதல் மரியாதையாகாது. வைத்தியருக்குக் காட்டுவித்து, அன்றிரவு அவன் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கும்படி அவன் வீட்டாருக்குச் சொல்லி வருதல் வேண்டும்.

துணைசெய்யப் புகுவோர் அஞ்சுவது பொலிசையும் நீதிமன்றத்தையுமே. சாட்சியாக இழுக்கப்படுவோம், நாமே மோதினோம் என்று கருதப்படுவோம் என்பது அவ்வச்சம். இந்தியாவிலே 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இத்தகையோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அக்காப்பு சட்டத்துள்ளேயே சேர்க்கப்பட்டது. அச்சட்டம் அவ்வுபகாரிக்கு வைத்த பெயர் நல்ல சமாரியன் என்பது. மிஷன் பாடசாலையிற் பயின்ற நம்மனோர்க்கு அக்கதை மனப்பாடம். கள்வர் அடித்துத் தெருவில் விட்ட ஒருவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிச் செல்ல, வேற்றினத்தானாகிய சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டித் தன் வாகனத்தில் ஏற்றிச் சென்றான் என்பர். நாம் ஈண்டு நோக்குவது கதையின் பிற்பகுதியை. அவன் சத்திரக்காரனிடத்தில் இரண்டு நாணயம் கொடுத்து, இன்னுஞ் செலவாயின் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிப் போனான். திரும்பி வருதல் என்பதே நம் காலத்தில் மறக்கப்படுவது. ஆஸ்பத்திரி வாயிலிலே இறக்கிவிட்ட கணத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுகின்றோம்.

இனி, மோதினவனைப் பற்றி ஆராய்வாம். பிழை செய்தவன் கடனில் ஐயமில்லை. அவன் தண்டமும் இறுத்தல் வேண்டும், இழப்பும் கொடுத்தல் வேண்டும். ஐயம் பிழையில்லாதானைப் பற்றியது. வான்காரன் சைகை காட்டினான், இருபுறமும் பார்த்தான், மெல்லத் திரும்பினான். மோட்டார்ச் சைக்கிளிலே வந்த இளைஞன்தான் மறைவினின்று வேகமாக வந்து மோதி வீழ்ந்தான் என வைத்துக்கொள்வோம். வான்காரனுக்குக் கடன் யாது?

தமிழிலே இவ்வினாவின் மிகப் பழைய வழக்கு ஒரு வீதி விபத்தே என்பது பலர் நினையாதது. திருவாரூர்த் தெருவிலே மநுச்சோழன் மகன் சேனை சூழத் தேர் ஊர்ந்து செல்ல, ஒரு கன்று ஒருவரும் அறியாதபடி புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு இறந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே விரித்தனர். அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பதனையே உபந்நியாசங்களிலும் பாடசாலைகளிலும் எடுத்துப் புகழ்கின்றோம். அமைச்சர் சொன்னது யாது என்பதை நோக்குவார் அரியர். கன்று தானே வந்து புகுந்தது, இதற்கு வேதியர் விதித்த கழுவாய் உண்டு, அதனைச் செய்தல் போதும் என்பது அவர் வாதம். அவ்வாதத்திற் பொய் இல்லை. இக்காலத்து நீதிமன்றமாயின் அவ்விளங்குமரனை விடுதலை செய்தே விடும்.

எனின், அரசன் மனம் அதனிற் பொருந்தாமைக்குக் காரணம் யாது? அரசன் தீர்ப்பு அளவிறந்தது என்று கருதுவாரோடு நாம் வழக்காட விரும்பவில்லை. உயிருக்கு உயிர் என்பது பிழையும் விபத்தும் வேறென்று கண்ட நமக்கு ஒவ்வாது. ஆயினும் அக்கதையில் ஒரு குறிப்பு உண்டு. கன்று இறந்தவுடன் குமரன் தேரினின்றும் இறங்கினான், நடுங்கினான், அழுதான். பின்னர்த் தன் தந்தை அறியுமுன்னே கழுவாய் வினாவும்பொருட்டு அந்தணரிடத்துக்குப் போயினான். அவன் ஓடி ஒளித்தானல்லன், கல்நெஞ்சனுமல்லன். எனினும் அவன் போன திசை தன் பாவந் தீருந் திசை. கன்றையீன்ற பசு நின்ற திசையில் ஒருவரும் போயினாரல்லர். ஆதலாலன்றோ அப்பசு தானே நடந்து சென்று அரண்மனை வாயில் மணியைக் கொம்பினாற் புடைக்க நேர்ந்தது! அரசன் அக்கதையிலே முதன்முதற் செய்தது பசுவினிடத்துக்கு வந்து அதனை நோக்கியமையே. தீர்ப்பெல்லாம் அதற்குப் பின்னர்.

நாம் கூறுவது இதுவே. பிழையில்லாதவனுக்குத் தண்டம் இல்லை, இழப்பீடு இல்லை. ஆயினும் போதல் என்னுங் கடன் உண்டு. அவன் வண்டி இல்லையாயின் இவன் கால் முறிந்திராது என்பது, பிழை எவரிடத்தாயினும், மெய்யேயாம். அம்மெய் அவனைக் கூட்டத்தில் நின்ற மற்றையோரினின்றும் வேறாக்கிவிடுகின்றது. இங்கிலாந்திலே தத்துவ ஆசிரியராயிருந்த பேர்னாட் வில்லியம்ஸ் என்பவர் 1976ஆம் ஆண்டு எழுதியதோர் ஆராய்ச்சியிலே இவ்வழக்கினையே எடுத்துக்கொண்டார். தன் பிழையின்றி ஒரு குழந்தையை மோதிக் கொன்ற லொறிச் சாரதியை, உன்மேற் குற்றமில்லை என்று சொல்லி எல்லாருந் தேற்றுவர், தேற்றுதலும் முறையே. ஆயின் அவன் அத்தேறுதலை உடனே ஏற்று, மற்றையோரைப்போல வாளாவிருப்பானாயின், அவனைக் குறித்து நமக்கே ஓர் ஐயம் தோன்றும் என்றார் அவர். சேக்கிழாரைக் கற்றார்க்கு இது புதிதன்று.

இதற்கு ஒரு தடை கூறுவர். மோதினவன் வருத்தந் தெரிவித்தாற் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகும், வழக்கில் அதுவே சான்றாகும் என்பது. இது வெறும் அச்சமன்று. பொறுப்பை ஒத்துக்கொள்ளற்க என்பது காப்புறுதிப் பத்திரங்களிலே பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. காப்புறுதிக் கம்பனியின் ஆள் வந்து, நெளிந்த தகட்டைப் படம்பிடித்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு போகும்வரையில், வண்டிக்குரியவன் தெருவோரத்தில் ஊமைபோல நிற்பதை நாம் பலகாற் கண்டுளேம். தகட்டுக்கு உடனே வழி பிறக்கின்றது. மனிதனிடத்து ஒரு சொற்சொல்ல வழியில்லை.

ஆயினும் வருந்துதல் வேறு, பொறுப்பேற்றல் வேறு. இவ்வேறுபாட்டைச் சட்டமே உணர்ந்த தேசங்கள் உள. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் 2006ஆம் ஆண்டிலும், ஒன்ராறியோ மாகாணம் 2009ஆம் ஆண்டிலும் மன்னிப்புச் சட்டங்களை இயற்றின. பின்னர் ஸ்கொட்லாந்தும் ஹொங்கொங்கும் இயற்றின. ஒருவன் மன்னிப்புக் கேட்டமை குற்றத்தை ஒத்துக்கொண்டமையாகக் கொள்ளப்படாது என்பது அவற்றின் சாரம். அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும், “உமக்கு இப்படி நேர்ந்தது எனக்குப் பெரிய வேதனை” என்று சொல்லுதலால் எவனும் சிறை புகான். யாருடைய பிழை என்பதை அவ்விடத்திற் பேசாதிருந்தாற் போதும். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும், விபத்தில் அகப்பட்ட வண்டியை நிறுத்தி, பெயரும் விலாசமுங் கொடுத்து, பொலிசுக்கு அறிவித்தலைச் சாரதியின் கடமையாக்கும்போது, பிழை யாருடையது என்று முதலிற் கேட்கின்றதில்லை. சட்டமே நில் என்று சொல்லுமிடத்தில், மனச்சாட்சி போ என்று சொல்லுதல் தகுமோ?

பிழைக்குச் சற்றுந் தொடர்பில்லாதவன் தானாகவே ஒரு கடனை ஏற்றுக்கொண்டமைக்கு ஓர் உதாரணங் கூறுவாம். அராபிய தேசத்துப் போரினாற் பேர்பெற்ற டி. ஈ. லோறன்ஸ் 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்மேல் மோதாதபடி மோட்டார்ச் சைக்கிளைத் திருப்பி வீழ்ந்து, ஆறு நாட்களின்பின் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியருள் ஒருவர் ஹியூ கேர்ண்ஸ் என்னும் மூளைச் சத்திர நிபுணர். பின்னர்ப் போர்க்காலத்திலே மோட்டார்ச் சைக்கிளில் வீழ்ந்து தலையடிபட்டோரை அவர் ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941ஆம் ஆண்டிலே எழுதி வெளியிட்டார். பிரித்தானிய சேனையிற் கவசம் கட்டாயமாயிற்று. அத்தேசத்துக் குடிகளுக்கு 1973ஆம் ஆண்டிற் கட்டாயமாயிற்று. நம் சந்தியிற் கவசத்தைத் தலையில் வையாது கைப்பிடியிலே தொங்கவிட்டுச் செல்லும் பிள்ளைகள் அவர் பெயரை அறியார்.

வீழ்ந்தவன் பக்கத்தையும் சிறிது நோக்குதல் வேண்டும். பிழை அவனுடையதேயாயின், மோதப்பட்ட சாரதியும் ஓர் இரவு உறக்கமிழந்தான் என்பதை அவனும் அவன் வீட்டாரும் நினைத்தல் நன்று. பார்க்க வந்தவனை வார்ட்டு வாசலிலே வைதனுப்பும் உறவினர் சிலருளர். அவர் கோபம் இயல்பு. ஆயினும் அவர் துரத்துகின்றது நோயாளிக்கு வேண்டிய ஒருவனையாயிருத்தலுங் கூடும்.

ஏனெனில், தலையடிபட்டோர் பலர்க்கு விபத்து நிகழ்ந்த கணமும் அதற்கு முன்னைய சிறிது பொழுதும் நினைவுக்கு வருவதேயில்லை. சந்தியை அணுகியது தெரியும், பின்னர்க் கட்டிலிற் கண்விழித்தது தெரியும், நடுவில் ஒன்றுமில்லை. அவன் தாயைக் கேட்கின்றான், தாதியைக் கேட்கின்றான், பொலிஸ்காரரைக் கேட்கின்றான். அவர்கள் எல்லாரும் பிறர் சொல்லக் கேட்டவர்கள். அவன் எப்படி வந்தான், எந்தப் பக்கம் திரும்பினான், வீழ்ந்தபின் என்ன சொன்னான், யார் முதலில் ஓடிவந்தார் என்பதை எதிரே நின்று கண்டவன் ஒருவனே. அவன் ஒரு மாலைப்பொழுதிலே பார்வையாளர் நேரத்தில் வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் கண்டதைக் கூட்டாமலுங் குறையாமலும் சொல்லுவானாயின், நோயாளி அதனை இருமுறை கேட்பான், மூன்றாமுறையும் கேட்பான்.