தோட்டத்தில் கொல்லாமை

செடியைக் காக்கப் பூச்சியைக் கொல்லலாமா என்னும் வினாவை இந்தியச் சமயங்களுள் சமணமே மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது; ஆராய்ந்தே தீரவேண்டிய நெருக்கடியும் அதற்கே மிகுதி. உயிர்களை அவற்றின் அறிவுகளின், அதாவது புலன்களின், எண்ணிக்கையால் வகுக்கும் அந்நெறியில் செடி ஓரறிவுயிர். எறும்பு மூவறிவும், ஈயும் தேனீயும் நாலறிவும் உடையவை. எனவே கத்தரிச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியை அழிப்பவர், குறைந்த அறிவுடைய உயிருக்காகக் கூடுதல் அறிவுடையதைக் கொல்கிறார். செடியின்மீது கொண்ட இரக்கமே காரணம் என்று அவர் சொல்லிக்கொள்ள இயலாது; காப்பது தம் உணவையே என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

உயிர்க்கொலையை முற்றிலும் விலக்கும் மகாவிரதம் பூண்ட துறவி பயிரிடுவதில்லை. அவருக்கு இச்சிக்கல் இல்லை. இயன்ற அளவுக்குக் கொள்ளும் நோன்பாகிய அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தாருக்காகவே சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பிரித்தனர்: வேண்டுமென்றே செய்வது சங்கல்பி, வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி, பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்யோகி, தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும். உழவு மூன்றாம் வகையில் அடங்கும். அதை மக்களுக்குக் கற்பித்தவர் முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதரே என்று ஜினசேனரின் ஆதிபுராணம் கூறுகிறது. வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத் தமிழ்ச் சமணருள் பலர் தலைமுறைகளாக உழவர்களே.

நஞ்சுக்கு மாற்றாகப் பூச்சியின் இயற்கை எதிரியை ஏவிவிட்டால் பழி நீங்குமா என்பது அடுத்த வினா. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியபோது, அதன் உடலைப் போர்த்திய மெழுகுப் பூச்சைத் தாண்ட மருந்துகள் திணறின. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டன, மாவுப்பூச்சி அடங்கியது. அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, பொரிக்கும் புழு அதை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. (இத்தகைய குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்பதைத் தம்மால் நம்ப இயலவில்லை என்று டார்வின் 1860இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினார். படைப்புக் கடவுளை ஏற்காத சமணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.) ஆனால் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் இம்சையாகவே எண்ணும் நெறியில், குளவியை விட்டவர் கைகழுவ முடியாது, அவர் செய்தது செய்வித்தல். குளவி முறையின் சிறப்பு அதன் குற்றமின்மையில் இல்லை. தேனீ, சிலந்தி, பொறிவண்டு எனத் தொடர்பில்லாத உயிர்கள் நஞ்சால் மடிவதை அது தவிர்ப்பதிலேயே உள்ளது.

கொல்லலாமா என்பதைவிட, பார்த்தாயா என்பதே சமண அறவியலின் கூர்மையான வினா. கவனமின்மையாகிய பிரமாதத்தால் உயிரைப் பறிப்பதே இம்சை என்பது உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். இதன்படி நோக்கினால் பூச்சியை இனங்காண்பது வேளாண் நுட்பம் மட்டுமன்று, அறக்கடமையும் ஆகிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, வெண்மெழுகு இழைகளைப் போர்த்துக்கொண்டு மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். உற்றுப் பார்க்காதவர் காவலனையே நசுக்கிவிடுவார். தேன்போன்ற இனிப்புக் கழிவுக்காக அசுவினியையும் மாவுப்பூச்சியையும் எறும்புகள் பேணிக் காக்கின்றன என்பதை அறிந்தவர், அடிமரத்தில் பசைப்பட்டை கட்டி எறும்பு ஏறும் வழியை அடைத்துப் பெருங்கொலையைத் தவிர்ப்பார். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் தளிர் கொழுத்து அசுவினி பெருகும். உரத்தில் காட்டும் அடக்கமும் உயிர்களைக் காப்பதே. பூச்சி கண்ட ஒரு கிளையை வெட்டி அகற்றுவதும் கொலையே எனினும், தோட்டம் முழுவதும் நஞ்சு தெளிப்பதோடு அதை ஒப்பிட இயலாது.

பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பியும் பாராமல், வாரந்தோறும் நாள் குறித்து மருந்தடிப்பவருக்கு உழவருக்குரிய உத்யோகி விலக்கு பொருந்தாது; அது பிரமாதத்தால் விளையும் இம்சையே.