செட்டல் பண்ணியாச்சா?

நம்ம ஊரில் 'செட்டல்' என்ற சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டிவிட முடியாது. மாமாக் கடையில் பில்லைக் கட்டினால் செட்டல். கார் லோன் முடிந்தால் செட்டல். பெரியப்பா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடந்த சண்டை ஓய்ந்தால் அதுவும் செட்டல். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் தீபாவளிக்கு வரும் அத்தை கேட்பார்: "எப்பய்யா செட்டல் ஆகப் போற?" சாலைத் தடுப்பில் சம்மன் எழுதப்படும் முன் "செட்டல் பண்ணிக்கலாமா?" என்று ஒரு குரல் வந்தால், அதற்குப் பொருள் தேட யாரும் அகராதியைப் புரட்ட மாட்டார்கள். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். ஆனால் 'லஞ்சம் கொடுத்தேன்' என்று சொல்லக் கூசும் நாக்குக்கு 'செட்டல் பண்ணிட்டேன்' என்று சொல்வதில் கூச்சமே இல்லை.

ஒரே சொல் இத்தனை இடத்தில் எப்படிப் பொருந்துகிறது?

பழைய ஆங்கிலத்தில் இருக்கையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்த வினை இது. ஆக, அடிப்படையில் உட்காருவது, உட்கார வைப்பது. அதிலிருந்து கிளைகள் விரிந்தன. பறவை கிளையில் அமர்வது, தூசி படிவது, கலங்கிய நீர் தெளிவது, மக்கள் குடியேறுவது, கடன் தீர்வது, வழக்கு முடிவது, ஆசையைக் குறைத்துக்கொண்டு கிடைத்ததை ஏற்பது எல்லாவற்றுக்கும் ஒரே வினை. 1826இல் பினாங்கையும் மலாக்காவையும் சிங்கப்பூரையும் இணைத்து ஆங்கிலேயர்கள் வைத்த பெயரிலும் இந்தச் சொல்தான் இருந்தது: ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டல்மென்ட்ஸ். அந்தப் பெயரில் உட்கார வந்தவர்கள் தெரிகிறார்கள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் தெரிவதில்லை.

தமிழில் பேசும்போது நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சண்டை 'தீர்ந்தது' என்றால் காரணம் இல்லாமல் போய்விட்டது. சண்டை 'அடங்கியது' என்றால் சத்தம் மட்டும்தான் நின்றிருக்கிறது. 'முடிந்தது' என்றால் இன்னொன்று. 'செட்டல்' என்று சொல்லும்போது இந்தத் தேர்வு தேவைப்படுவதில்லை. தமிழ் ஏதோ தூய்மையான மொழி என்று சொல்ல வரவில்லை. 'சரிக்கட்டு' என்ற நம்முடைய சொல்லும் இதே வேலையைக் கச்சிதமாகச் செய்யும். 'ஆளைத் தீர்த்துட்டானுங்க' என்பது அதைவிடப் பயங்கரம். ஆனால் செட்டலுக்கு இருக்கிற வழுவழுப்பு வேறு சொல்லுக்கு இல்லை.

என் தொழிலில் இந்தச் சொல்லுக்குக் கறாரான ஒரு பொருள் உண்டு. நான் மண்ணோடு வேலை செய்யும் சிவில் பொறியாளன். மண் அமுங்கி இறங்குவதற்கு ஆங்கிலத்தில் 'செட்டல்மென்ட்' என்றுதான் பெயர். கடலோரக் களிமண்ணில் ஒரு பாரத்தை ஏற்றினால், முதலில் அதைத் தாங்குவது மண் துகள்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் நீர். நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் துகள்கள் மீது இறங்கும். இதைக் கணக்காக்கி கார்ல் டெர்சாகி 1925இல் புத்தகம் எழுதினார். மேலே நின்று பார்ப்பவருக்கு முதல் நாளில் எல்லாம் உறுதியாகத்தான் தெரியும். உள்ளே இன்னும் எதுவுமே முடிந்திருக்காது. மண்ணை அவசரப்படுத்த ஒரு வழி, நீர் வெளியேறப் பாதை அமைத்துக் கொடுப்பது. அதட்டினால் மண் கேட்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாமானில் அளவெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மனையில் அடித்தளம் போட ஆழமாகத் தோண்டி நீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இறைக்கும்போது அருகிலுள்ள வீட்டுக்கடியிலும் நீர்மட்டம் குறையும், களிமண் மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். அந்த வரிசையில் ஒரு வீட்டின் பின்சுவர் வெடித்திருந்தது. குத்தகையாளர் தரப்பில் ஆள் வந்து வீட்டுக்கார அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரக் கோப்பில் செட்டல்மென்ட் என்ற சொல் இரண்டு முறை வந்தது. ஒன்றில், மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற என் அளவீடு. இன்னொன்றில், புகார் முடிந்துவிட்டது என்ற குறிப்பு.

அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "காசு கொடுத்தாங்க, சரி தம்பி. சுவரு இனிமே வெடிக்காதா?"

"இன்னும் இறங்குது ஆன்ட்டி. எப்ப நிக்கும்னு அளந்துதான் சொல்ல முடியும்" என்றேன். பணத்தால் முடிந்த விஷயமும் அவர் கேட்ட விஷயமும் வேறு வேறு. சட்டத்திலும் அப்படித்தான். நீதிமன்றத்துக்கு வெளியே செய்யப்படும் சமரசங்களில், 'தவறை ஒப்புக்கொள்ளாமல்' பணம் தருவதாக எழுதிக்கொள்வது வழக்கம். யார்மீது தவறு என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைப்பதில்லை. இனிமேல் கேட்கக் கூடாது என்ற உடன்பாடுதான் கிடைக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பும்கூட. எல்லாவற்றையும் அடி ஆழம்வரை தோண்டிக்கொண்டே இருந்தால் வாழ முடியாது. அண்ணன் தம்பி சண்டையில் 1998இல் யார் முதலில் கை ஓங்கியது என்று இன்றும் விசாரிப்பதால் யாருக்கு என்ன லாபம்? சில நேரம் பாதித் தீர்வுதான் கருணை. அம்மா எப்போதும் சொல்வார், "விடுடா, போகட்டும்." அந்த 'விடு'வில் ஞானம் இருக்கிறது.

அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டட வேலை கற்றுத்தந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் சுவர் பெரும்பாலும் வெடிக்காது. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கும்போதுதான் வெடிக்கும். குடும்பங்களில் நாம் செட்டல் பண்ணியவற்றை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மூலைதான் இறங்கியிருக்கும். வீட்டுக்கு வந்த மருமகள், படிக்காத தம்பி, பணம் இல்லாத அக்கா. சண்டை நின்றது என்று மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சின்ன வார்த்தைக்குப் பெரிதாக வெடிக்கும்போது, "இதெல்லாம் எப்பவோ செட்டல் ஆன விஷயமாச்சே" என்று ஆச்சரியப்படுவார்கள்.

அந்தச் சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. என்னாலும் முடியாது. ஒரு விஷயத்தை யார் முடிந்தது என்று அறிவிக்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்கலாம். பணம் கொடுத்தவர், பஞ்சாயத்துப் பேசிய மாமா, சத்தம் ஓய்ந்தால் போதும் என்றிருப்பவர் ஆகியோர் அறிவித்தால் அது பாரம் ஏற்றிய முதல் நாள்தான். எல்லாரையும்விட அதிகமாக இறங்கி வந்தவரிடம் கேளுங்கள். அவர் 'செட்டல்' என்று சொன்னால் நம்பலாம். அவர் பேசாமல் இருந்தால், உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.