மாக்கோழியும் நுங்கு வண்டியும்

உயிரில்லாத பொருளைக் கொண்டு செய்யும் செயலில் வினை சேருமா? கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நமக்கு இஃது எளிய வினா அன்று. இதற்கு விடை கூறும் தமிழ் நூல், ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம்.

உச்சயினி மன்னன் யசோதரன், தீக்கனாக் கண்டதாகத் தாயிடம் கூறுகிறான். உயிர்ப்பலி கொடுத்தால் தீங்கு நீங்கும் என்கிறாள் தாய் சந்திரமதி. மைந்தன் மறுக்கிறான். முடிவில், மாவினால் கோழி செய்து பலியிடலாம் என்று இருவரும் இசைகின்றனர். அக்கோழிக்கு உயிருமில்லை, குருதியுமில்லை. எனினும் தாயும் மகனும் நாயும் மயிலுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்று காவியம் உரைக்கிறது. திரவிய இம்சை நிகழாவிடினும், எண்ணத்தால் நிகழ்ந்த இம்சை அவர்களைப் பிணித்தது.

இக்கதையில் நாம் ஊன்றிக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வுருவம் தாயும் மகனும் ஒன்றுபட்டு எண்ணிச் செய்தது. சந்திரமதி கொடியவள் அல்லள். மகன்மீது கொண்ட அன்பும் அச்சமுமே அவளை அவ்வாறு பேசவைத்தன. அன்புடைய பெற்றோரும் தம்மை அறியாமல் மக்களின் நெஞ்சில் இம்சையை விதைத்துவிடக்கூடும்.

தியாகராய நகர்க் கடைவீதியில் பொம்மைத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, "யாரைச் சுட்டாய்?" என்று சிரித்துக் கேட்கும்போது நாம் இதனை நினைப்பதில்லை. விளையாட்டு விளையாட்டுத்தானே என்று சிலர் கேட்கலாம். குழந்தையின் எண்ணம் வளர்ந்தவரின் எண்ணம் போன்றதன்று என்பது உண்மையே. பொம்மையை உடைத்து உள்ளே பார்க்கும் குழந்தையிடம் இருப்பது அறியும் வேட்கை. அதனைக் கடிதல் தகாது. ஆனால் 'கொன்றேன்' என்று மகிழ்வதற்கென்றே ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், அந்த எண்ணத்தை வழங்கியவர் பெற்றோரே ஆவர்.

மாவுருவில் கொலையெண்ணம் புகுமாயின், பொம்மையில் அருளெண்ணமும் புகலாம் அன்றோ? கோடையில் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தெருவோரங்களில் நுங்கு விற்பர். சுளையை உண்டபின் எறியப்படும் காய்கள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். தந்தையும் குழந்தையும் சேர்ந்து அதனைச் செய்யும்போது, காயில் எறும்பு மொய்த்திருந்தால் அவை அகலும்வரை காத்திருக்கலாம். காற்றாடி செய்யப் பச்சையோலையைக் கிழிக்கக் குழந்தையின் கை நீண்டால், "அதுவும் ஓரறிவுயிர், கண்ணே, கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்துக்கொள்வோம்" என்று கூறலாம். நூல்களில் நாம் படிக்கும் உயிர்ப்பாகுபாடு அப்போது குழந்தையின் விரல்களுக்குப் புரிகிறது. சில நாள்களில் நுங்குக்காய் வாடிவிடும். அதனை வருந்தாமல் விட்டுவிடப் பழகும் குழந்தைக்கு, மிகுபொருள் விரும்பாமையும் சொல்லாமலே விளங்கும்.

வீட்டில் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. உண்டிவில்லும் வீட்டில் செய்வதுதான். வண்டி தள்ளும் அதே கவைக்கோலைக் குறுக நறுக்கி ரப்பரைக் கட்டினால், அணிலையும் குருவியையும் வீழ்த்தும் கருவியாகிவிடும். மரம் ஒன்றே, செய்வோரின் எண்ணமே வேறு.

ஆகவே பெற்றோர்களே, விடுமுறை நாளில் ஒரு நாழிகை மக்களுடன் அமர்ந்து ஏதேனும் ஒரு பொம்மை செய்யுங்கள். அது அழகாக அமையவேண்டும் என்பதில்லை. செய்யத் தொடங்குமுன், "இதை வைத்து என்ன விளையாடப் போகிறோம்?" என்று குழந்தையைக் கேளுங்கள். சந்திரமதியும் யசோதரனும் தம்முள் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.