விட்டுக்கொடுத்த இடம்

பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்ட நடுவில் ஒரு வளையம் வேண்டும். அடாப்டர் என்று விற்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் குழல். அந்தக்கால எஸ்எல்ஆர் கேமராவுக்குள் எழும்பி இறங்கும் மிரருக்கு இடம்விட்டு லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளி நிற்க வேண்டியிருந்தது. எம்42 என்ற திருகு லென்ஸுக்கு அந்தத் தூரம் 45.46 மில்லிமீட்டர். மிரரே இல்லாத சோனி கேமராவுக்கு 18 போதும். மிச்சம் 27.46 மில்லிமீட்டர் வெற்றிடத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஃபிலிம் போய்விட்டது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோலைத் தருமபுரி ஸ்டூடியோக்களில் இன்று கேட்டால் சிரிப்பார்கள். லென்ஸ் மட்டும் பீரோவுக்குள் பிழைத்துக் கிடக்கிறது, ஃபங்கஸ் பிடிக்காமல் இருந்தால். சூப்பர் டகுமார் 50 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருஷம் போகப்போக மஞ்சளித்துவிடும். மொட்டைமாடி வெயிலில் வைத்து எடுத்தால் புற ஊதாக் கதிர் பட்டு மெல்ல வெளுக்கும். நம் ஊர்ப் பங்குனி வெயிலுக்கு இப்படியும் ஒரு வேலை. (அடியில் துணி எதுவும் இருக்கக் கூடாது, லென்ஸ் குவிக்கும் வெயில் பொசுக்கிவிடும்.)

பழைய லென்ஸில் ஏதோ உயிர் இருக்கிறது என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. பழைய லென்ஸிலும் புதிய லென்ஸிலும், ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப்8-க்குச் சுருக்கி எடுத்த படங்களைக் காட்டி, எது பழசு, எது புதுசு என்று கேளுங்கள். பெரும்பாலும் திணறுவார்கள். நல்ல பழைய லென்ஸ்கள் அந்த அளவில் அவ்வளவு கச்சிதம். வித்தியாசம் தெரிவது முழுசாகத் திறக்கும்போதுதான்.

சோவியத் ஹீலியோஸ் 44-2 லென்ஸை எஃப்2-வில் திறந்து, சாலையோரப் புளியமரத்தைப் பின்னால் வைத்து ஒருவரைப் படமெடுத்தால் இது புரியும். பொடி இலைகளுக்கு இடையே தெரியும் வானத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒளிவட்டமாகின்றன. ஓரத்துக்கு வரும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் உடலே வெட்டிவிடுவதால் அங்கே வட்டங்கள் நசுங்குகின்றன. கூர்மை விழும் தளமும் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, நிற்பவரைச் சுற்றி மரமே சுழல்வதுபோல் ஆகிறது. இன்று அதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

அது அழகுக்காகச் செய்ததல்ல. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே உருவாக்கிய பயோட்டார் வடிவத்தின் வழியில் வந்த லென்ஸ் அது. கணிப்பொறி இல்லாத காலம். ஒளிக்கதிர் போகும் வழியைக் கையால் கணக்கிட்டார்கள். ஆறு கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு எல்லாக் குறையையும் தீர்க்க முடியாது. நடுவைக் கூர்மையாக்கினால் ஓரம் நழுவும். அதிக ஒளியை உள்ளே விட்டால் தளத்தின் வளைவு வெளியே தெரியும். அவர்கள் நடுவையும் ஒளியையும் வைத்துக்கொண்டு ஓரத்தை விட்டுக்கொடுத்தார்கள். குணம் என்று நாம் கொண்டாடுவது அந்த விட்டுக்கொடுத்த இடத்தைத்தான். இன்றைய லென்ஸ்களிலும் குறை இருக்கிறது. கோடு வளைந்தால் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் நிமிர்த்திவிடுகிறது, அதனால் நம் கண்ணுக்கு வருவதில்லை.

இதை நினைத்துக்கொண்டு தருமபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்களின் முன்னால் நின்றால் அவை வேறு மாதிரி தெரிகின்றன. உளிக்கு எளிதில் இணங்காத கல். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனை அதில் கொண்டுவர வேண்டும். சிற்பி முகத்தில் நேரம் செலவிடவில்லை; கண்ணும் மூக்கும் பேருக்குத்தான். வில்லைப் பிடித்த கை, வாளை ஓங்கிய தோள், முன்னால் வைத்த கால் இவற்றில் உளி நின்று வேலை செய்திருக்கிறது. தேய்ந்துபோனதாலும் முகம் மங்கியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கல்லின் ஆழமற்ற செதுக்கலைப் பார்த்தாலே தெரியும், எல்லாவற்றையும் செதுக்க அவன் முயலவே இல்லை என்று. திறமையை யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். எதை இழக்கச் சம்மதிப்பது என்பதை மட்டும் செய்கிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். அவன் யாரென்று காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால் கேமராவுக்கு அதன் பெயர் தெரியாது. படத்தோடு சேரும் விவரப் பட்டியலில் அபெர்ச்சர் இடம் காலி. எஃப்2-வா எஃப்8-ஆ, எடுத்தவருக்கே பிறகு நினைவிருக்காது. வட்டெழுத்து நடுகற்களில் மன்னன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், விழுந்தவன் பெயர் எல்லாம் இருக்கும். லென்ஸின் முகப்பு வளையத்திலும் லென்ஸின் பெயர், குவியத்தூரம், வரிசை எண் பொறித்திருக்கும். கணக்குப் போட்டவர் பெயர் அங்கே இல்லை. செதுக்கியவன் பெயரும் பெரும்பாலான கற்களில் இல்லை.