ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்

பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
நற்செய்தி: லூக்கா 15:1-32



இன்றைய நற்செய்தியில் ஒரு பெண் காசைத் தேடுகிறாள். அவளிடம் இருந்தவை பத்து வெள்ளிக்காசுகள், தொலைந்தது ஒன்று. ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் அது. அக்காலத்துப் பாலஸ்தீன ஏழை வீடுகளில் சன்னல் சிறியது, உள்ளே இருட்டு. பகலிலும் விளக்கேற்றித்தான் தேடவேண்டும். தாராவிச் சந்துக்குள் பட்டப்பகலில் லைட் போட்டு அரிசியில் கல் பொறுக்கும் நம் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நம் பங்கின் பெரியவர் ஒருவர் என் நினைவுக்கு வருவார். திருநெல்வேலிப் பக்கமிருந்து சிறுவயதில் தாராவிக்கு வந்தவர். காருக்கு டிங்கர் வேலை பார்ப்பவர். செம்பூரில் ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தா ஓட்டிய பத்மினி காரைப் பழையபடி ஆக்கித் தரும்படி அவரிடம் ஒப்படைத்தார்கள்.

பத்மினியை இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? குர்லா ஆலையில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி. ஃபியட் என்று வந்து, 1974இல் பத்மினி என்று பெயர் மாறியது. தாதரில் ரயிலைவிட்டு இறங்கி, தகரப்பெட்டியை அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சியின் மேல் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போன தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29இல் பதிவானது. மும்பையில் டாக்சிக்கு இருபது ஆண்டுதான் ஆயுள். அதனால் 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி தெருவில் இல்லை. ஆலையில் அந்த வண்டி செய்வது அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுவிட்டது. புது உதிரிப்பாகம் இனி வராது.

பெரியவரிடம் வந்த வண்டியில் என்ஜின் இருந்தது, கதவுகள் இருந்தன. பக்கவாட்டில் ஓடும் பளபளப்பான பட்டை, டிங்கர்கள் பாஷையில் பீடிங், ஒரு பக்கம் மட்டும் காணவில்லை. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான துண்டு. அதற்காக அவர் குர்லாவின் பங்கார் கடைகளில் அலைந்தார். நம் ஊரில் காயலான் கடை என்போமே, அதுதான். சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் குவியல் குவியலாகக் கிளறினார். கையில் அளவுக்கயிறு, பையில் மறுபக்கத்துத் துண்டு ஒன்று. ஞாயிறு பூசை முடிந்ததும் நான் கேட்பேன்: “கிடைத்ததா?” “இன்னும் இல்ல சாமி. எங்கயோ கெடக்கு.”

இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. வளைந்து, அழுக்கேறி, உருக்குவதற்குக் காத்திருந்த அலுமினியக் குப்பைக்கு நடுவே. ஆனால் அன்று அவர் முகத்தில் பாதி மகிழ்ச்சிதான் இருந்தது. ஏன் தெரியுமா? வண்டியின் பழைய பெயின்டைச் சுரண்டியபோது, பட்டையை மாட்டுகிற கிளிப்புகளுக்கான ஓட்டைகளைக் காணவில்லை. “முன்னாடி யாரோ பட்டி வச்சு மூடி, மேல பெயின்ட் அடிச்சுட்டாங்க சாமி. பீடிங் கெடச்சாலும் மாட்ட எடமில்ல” என்றார்.

சகோதர சகோதரிகளே, அந்த ஒரு சொல் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

காணாமல் போவது ஒரு துயரம். காணாமல் போனவருக்கு வீட்டில் இருந்த இடத்தையும் அடைத்துவிடுவது அதைவிடப் பெரிய துயரம். சண்டை போட்டுப் போன தம்பி. நமக்குப் பிடிக்காத கலியாணம் செய்துகொண்ட மகள். குடியில் விழுந்த அண்ணன். முதல் வருடம் அந்த ஓட்டை வலிக்கிறது. பிறகு பட்டி வைக்கிறோம். அலமாரியிலிருந்து படம் இறங்குகிறது. விசேஷப் பத்திரிகையில் பெயர் விடுபடுகிறது. “எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்கதான்” என்று வாய் பழகிவிடுகிறது. மேலே பெயின்ட் அடித்ததும் எல்லாம் வழவழப்பாகத் தெரிகிறது.

இன்றைய நற்செய்தியின் மூன்றாவது உவமையான ஊதாரி மகன் கதையில் மூத்த மகன் செய்தது அதுதான். ஊதாரியாய்ப் போனவனை அவன் ‘என் தம்பி’ என்று சொல்லவில்லை. தந்தையிடம் ‘உம் மகன்’ என்று சொல்லி விலக்கினான். தம்பிக்கான இடத்தை அவன் எப்போதோ மூடிவிட்டான். தந்தையோ அதைத் திறந்தே வைத்திருந்தார். அதனால்தான் தொலைவில் வரும்போதே மகனை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கடவுளின் இதயத்தில் உங்களுக்கென்று இருக்கிற இடம் வேறு எதனாலும், வேறு எவராலும் நிரப்பப்படுவதில்லை. அது உங்கள் அளவுக்கே திறந்திருக்கிறது.

பெரியவர் பிறகு என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். பட்டியைச் சுரண்டி, பழைய ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஓட்டையின் விளிம்பில் வெறும் இரும்பு தெரிந்தால் கடற்காற்று படும் இந்த ஊரில் துரு அங்கேதான் பிடிக்கும். அதனால் விளிம்புகளுக்கெல்லாம் சின்னத் தூரிகையால் பெயின்ட் தொட்டுவைத்தார். வளைந்த பட்டையை மரக்கட்டைமேல் கவிழ்த்துப் போட்டு, உட்புறமிருந்து சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். வெளிப்பக்கம் அடித்தால் தழும்புதான் மிஞ்சும் என்றார். நேராக்கியபின் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லியதில் முடித்து, பஃப் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றினார். மாட்டும்போது சுத்தியல் இல்லை. ஒரு முனையில் தொடங்கி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு கிளிப்பும் ‘டக்’ என்று பிடித்தது.

திரும்பி வருபவரை ஏற்பதும் இப்படித்தான். வளைந்து வந்தவரை ஊர் பார்க்க வெளியிலிருந்து அடிக்காதீர்கள். கடவுள் நம்மை உள்ளிருந்து நிமிர்த்துகிறார்; ஒப்புரவு அருட்சாதனத்தில் நடப்பது அதுதான். அவசரப்படாதீர்கள், ஒரே நாளில் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திறந்த காயத்தின் விளிம்பில் மறுபடி துரு பிடிக்காதபடி நல்ல சொல் ஒன்றைத் தொட்டுவையுங்கள்.

தாராவியில் வாழும் நமக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஊர் கழித்துப் போட்டதை எடுத்து மறுபடி உபயோகமாக்கும் கைகள் நம்முடையவை. 13ஆம் காம்பவுண்டில் தினம் அதைத்தான் செய்கிறோம். பொருளுக்குக் காட்டும் அந்தப் பொறுமையை உடன்பிறந்தவர்களுக்குக் காட்டாமல் இருக்கலாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் பட்டி வைத்து மூடிய இடம் எது என்று பாருங்கள். அந்த இடத்துக்குரியவரின் பெயரை இன்றிரவு குடும்ப ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக்கு அவருடைய எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். எடுக்காவிட்டால் மறுநாளும் போடுங்கள். காசு கிடைக்கும்வரை அந்தப் பெண் விளக்கை அணைக்கவில்லை. நீங்களும் அணைக்காதீர்கள். ஆமென்.